கிணற்றில் கறையான் மருந்து வாடை: குளோரின் போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அத்திவாரத்தைச் சுற்றித் துளையிட்டுக் கறையான் மருந்து ஊற்றினார்கள். கானில் குளோர்பைரிபோஸ் என்று இருந்தது. கிணறு நாலு மீற்றர் தள்ளித்தான். இரண்டு நாளில் தண்ணீரில் பெயின்ட் போல வாடை. குளோரின் போட்டால் சரியாகுமா? விட்டால் தானாகச் சிதையாதா?

பதில்: குளோரின் போடவே வேண்டாம். குளோர்பைரிபோஸ் மூலக்கூறில் பொஸ்பரசோடு ஒரு கந்தக அணு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. குளோரின் அந்தக் கந்தகத்தைக் கழற்றிவிடும். அந்த இடத்தில் ஒட்சிசன் வந்து குந்தும். இப்படி உருவாகும் ஒக்சோன்தான் நரம்பு நொதியத்தை நேரே முடக்குகிற நஞ்சு. மருந்தைக் குடித்தால் ஈரல் செய்யும் மாற்றத்தைக் குளோரின் கிணற்றிலேயே செய்துவிடும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. கொழும்பில் நிறைய வீடுகளில் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே மேல்தாங்கியில்தான் சேரும். குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் உண்டு. ஆகவே கிணற்று மோட்டரிலிருந்து தாங்கிக்குப் போகும் வால்வை இன்றைக்கே பூட்டுங்கள், தாங்கியைக் கழுவுங்கள். குடிக்க, சமைக்க, குளிக்கக் குழாய்த் தண்ணீர் மட்டும். கொதிக்க வைப்பதை நம்பாதீர்கள்.

தானாகச் சிதையும், ஆனால் மெதுவாக. 25 பாகைச் சூட்டில், பிஎச் (நீரின் அமில-கார அளவு) 7 உள்ள நீரில் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 72 நாள் பிடிக்கும். பிஎச் 9 இல் அது 16 நாள். அதற்காகப் பிஎச்சைக் கூட்டச் சுண்ணாம்பு கொட்டாதீர்கள்: உடைந்து வரும் டிரைகுளோரோபிரிடினோல் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, தண்ணீரோடு ஓடும். அத்திவாரத்து மண்ணிலோ நிலைமை வேறு. கறையானுக்கு ஊற்றும் அளவு வயலுக்குத் தெளிப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வெயில் படாத இடம். அங்கே மருந்து வருடக்கணக்கில் கிடக்கும்.

வாடை பெரும்பாலும் மருந்தைக் கரைத்திருக்கும் கரைப்பானுடையது. அது போனால் மருந்தும் போய்விட்டது என்று எடுக்க வேண்டாம்.

உடனே கிணற்றை இறைக்கவும் வேண்டாம். நீர்மட்டம் தாழ்ந்தால் அத்திவாரப் பக்கத்து நீர் கிணற்றுக்குள் இழுபடும். கடற்கரைப் பக்கமென்றால் உப்பும் சேரும். இறைத்ததை வடிகானுக்குள் விட்டால் வெள்ளவத்தைக் கால்வாயில் மீன் சாகும்.

முதலில் பரிசோதனை. ஒரு லீற்றர் கபில நிறக் கண்ணாடிப் போத்தல் எடுங்கள். பிளாஸ்டிக்கின் சுவரில் மருந்து ஒட்டிக்கொள்வதால் முடிவு பொய்யாகக் குறைந்து வரும். காற்றிடைவெளி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுகூடத்தில் கொடுங்கள். குளோர்பைரிபோஸ், ஒக்சோன், டிரைகுளோரோபிரிடினோல் மூன்றையும் அளக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். குடிநீரில் குளோர்பைரிபோசுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.03 மில்லிகிராம்.

அளவு கூடுதலாக இருந்தால், கிணற்று வளையங்களின் மூட்டுகளை உள்ளிருந்து சீமெந்தால் அடைத்து அடிச்சேற்றை அள்ள வேண்டும். மருந்து அதிகம் ஒட்டியிருப்பது அந்தச் சேற்றில்தான். அதைப் பழக்கப்பட்ட ஆள்களிடம் விடுங்கள், சேற்றை மூடிய பீப்பாயில் எடுங்கள். ஐப்பசி மழை கொட்டியதும் மறுபடி ஒரு மாதிரி கொடுங்கள். துளைகளிலிருந்து மருந்து கழுவுப்பட்டு வருவது அப்போதுதான்.