பில் இல்லாத தண்டவாளத் துண்டு

கேள்வி: வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் பழைய இரும்பு வண்டிக்காரர் ஒருவர் 2 அடி நீளத் தண்டவாளத் துண்டு ஒன்றும், ஒரு சாக்கில் நாற்பது வளைந்த கம்பிக் கிளிப்புகளும் கொண்டுவந்தார். துண்டை அடைகல்லாக வைத்துக்கொள்ளலாம், கிளிப்புகளில் உளி, அரிவாள் அடிக்கலாம் என்று எடைக்கு வாங்கிவிட்டேன். பில் இல்லை. பாதிப் பணம் ஜிபேயில் போனது. இப்போது பக்கத்துக் கடைக்காரர், "இது ரயில்வே சாமான், வைத்திருந்தாலே உள்ளே தள்ளுவான், ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயாவது போட்டுவிடு" என்கிறார். என்ன செய்ய?

பதில்: பக்கத்துக் கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதியைக் கேட்டுவிடாதீர்கள். தூக்கிப் போடாதீர்கள், அறுக்காதீர்கள், உலையில் வைக்காதீர்கள், விற்றவரிடமே திருப்பியும் கொடுக்காதீர்கள். சாமான் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும்.

காரணம், ரயில்வே சொத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது: 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம். திருட்டு செல்போனையோ திருட்டு பைக்கையோ தெரியாமல் வாங்கியவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 317(2)-இன்படி வழக்கு வந்தால், அது திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தது என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். இந்த ரயில்வே சொத்துச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் நிரூபிக்கும் பாரம் தலைகீழ். பொருள் ரயில்வேயுடையது, திருடப்பட்டது என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது, அது உங்கள் கையில் இருந்தது – இவ்வளவையும் அவர்கள் காட்டிவிட்டால் போதும். முறையாகத்தான் என் கைக்கு வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. தனிக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதினாலொழிய 1 ஆண்டுக்கும் 1,000 ரூபாய் அபராதத்துக்கும் குறையக் கூடாது.

"கையில் இருக்கிறது" என்று மட்டுமல்ல, "கையில் இருந்தது என்று நிரூபணமானாலும்" என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஏரிக்கரையில் போட்டுவிட்டு வந்தாலும் நேற்றுவரை உங்களிடம் இருந்தது இருந்ததுதான். ஜிபே கணக்கே அதற்குச் சாட்சி. போட்டதால் கூடுதலாக ஒன்று சேர்கிறது: தெரிந்துதான் ஒளித்தான் என்ற பேச்சு.

இனி உங்கள் சாமானைப் பார்ப்போம். தண்டவாளத் துண்டு என்றாலே ரயில்வேயுடையது ஆகிவிடாது. கிரேன் ஓடும் தண்டவாளம் இருக்கிறது, ஆலைகளுக்குள் போட்ட சொந்தப் பாதைகள் இருக்கின்றன, குவாரி டிராலிகளுக்கான சிறிய ரெயில் இருக்கிறது. அளந்தால் தெரியும். பிரதான பாதையின் 60 கிலோ ரெயில் 172 மி.மீ. உயரம், அடிப்பாகம் 150 மி.மீ. அகலம், மீட்டருக்கு 60.34 கிலோ. உங்கள் 2 அடித் துண்டு ஏறக்குறைய 37 கிலோ நிற்கும். 52 கிலோ ரெயில் என்றால் உயரம் 156, அடி அகலம் 136, எடை 31 கிலோவைத் தாண்டும். பழைய 90 பவுண்டு ரெயில் என்றால் உயரம் 143, எடை 27 கிலோ. துண்டின் பக்கவாட்டு நடுப்பகுதியில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். புடைத்த எழுத்து இருந்தால் தெளியும். எடைப் பிரிவு, எஃகின் தரம், உருட்டிய ஆலை, மாதம், ஆண்டு எல்லாம் அதில் வரும். துருவை நீக்க கிரைண்டர் வைக்கவேண்டாம். எழுத்தை அழிக்கப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

தலைப்பாகத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழிந்திருந்தால் பாதையில் ஓடித் தேய்ந்த ரெயில். அப்படிப்பட்டதை ரயில்வேயே கழிவாக ஏலம் விடுகிறது, ஆகவே முறையான வழியில் வெளியே வந்திருக்கவும் வாய்ப்புண்டு. தேய்மானமே இல்லாமல், முனை மட்டும் புதிதாக கேஸ் கட்டரில் அறுத்திருந்தால் சந்தேகத்துக்கு இடம் அதிகம்.

என்னைக் கேட்டால் தண்டவாளத் துண்டைவிட அந்தச் சாக்குதான் பெரிய விவகாரம். ரயில்வேக்காரர்கள் பாண்ட்ரால் கிளிப் என்று சொல்வது அதிலுள்ள கிளிப்பைத்தான். சிலிக்கோ-மாங்கனீஸ் வில் எஃகு என்பதால் பட்டறைக்காரர்களுக்கு அதன்மேல் ஓர் ஆசை. ஆனால் ரெயிலை அதன் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையோடு பிடித்து வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. அதனால் "ரயில்வேயுடையது என்று தெரியாது" என்ற பேச்சு இங்கே எடுபடுவது கடினம். ஒரு ஸ்லீப்பருக்கு நான்கு கிளிப். ஒரு கிலோமீட்டரில் 1,660 ஸ்லீப்பர் என்பது வழக்கமான கணக்கு. அதாவது 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. உங்கள் நாற்பது கிளிப் பத்து ஸ்லீப்பருக்கு உரியவை, 6 மீட்டர் பாதை. கிடங்கிலிருந்து போயிருந்தால் திருட்டு. ஓடுகிற பாதையிலிருந்து கழற்றியிருந்தால் ரயிலைக் கவிழ்க்கப் பார்த்தார்களா என்ற விசாரணையே நடக்கும். வளைவின் உட்புறம் பளபளவென்று அண்மையில் உரசிய தடம் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கவேண்டாம்.

இன்றைக்கே செய்யவேண்டியது: பக்கத்தில் ஸ்கேலை வைத்து எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், எடை போட்ட சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எண், விற்றவரின் கைபேசி எண், அழைப்புப் பட்டியல், ஜிபே பதிவு எல்லாவற்றையும் சேருங்கள். பட்டறையிலோ எதிர்க்கடையிலோ கேமரா இருந்தால் அந்த நாளின் பதிவை உடனே தனியே எடுத்துவையுங்கள். பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். விற்றவரைக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். "பின்தேதியிட்டு ஒரு பில் போட்டுத் தாருங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பில் இல்லாதது கவனக்குறைவு. பொய்ப் பில் போலி ஆவணம், அது தனிக் குற்றம்.

அடுத்து, குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அவர் வழியாக, அருகிலுள்ள ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) நிலைய ஆய்வாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: இன்ன நாள், இன்னாரிடம், இவ்வளவு எடை, இவ்வளவு பணம், ரயில்வே பொருளாக இருக்கலாம் என்று இப்போது சந்தேகம் வருகிறது, வந்து பார்வையிடுங்கள். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், அஞ்சலிலும் ஒன்று அனுப்புங்கள். பாதையிலிருந்து கழற்றியது என்று தோன்றினால் கடிதத்துக்குக் காத்திராமல் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்துச் சொல்லிவிடுங்கள். நீங்களாகச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வழியில் மடக்கினால் "ஒப்படைக்கத்தான் போனேன்" என்பதை யாரும் நம்பமாட்டார்கள். அவர்களே வந்து, சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (கைப்பற்றிய பொருள்களின் பதிவு) எழுதி எடுத்துப் போகட்டும். எண்ணிக்கையும் எடையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டு, நகல் கேளுங்கள்.

நீங்களே சொன்னதால் வழக்கு வரவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தேடி வருமுன் எழுதிக் கொடுத்தவர் என்பதைவிட உங்கள் நேர்மைக்கு நல்ல சான்று வேறில்லை. இந்தச் சட்டத்தில் ஆர்.பி.எஃப். வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, ஆர்.பி.எஃப். அதிகாரியிடம் கொடுப்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும்போது அவர் 'போலீஸ் அதிகாரி' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் பால்கிஷன் தேவிதயாள் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள். "எனக்கும் அப்போதே ஒரு சந்தேகம் இருந்ததுங்க சார்" என்று பணிவுக்காகச் சொல்கிற ஒரு வரி உங்களையே கட்டிப்போடும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

போட்ட பணம்? சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன்படி, தனக்கு உரிமையில்லாத பொருளை விற்றவரிடமிருந்து விலையைத் திரும்பக் கேட்கலாம். அவர் தண்டிக்கப்பட்டு, கைதின்போது அவரிடமிருந்து பணம் பிடிபட்டிருந்தால், அறியாமல் வாங்கியவருக்கு அதிலிருந்து தர நீதிமன்றம் உத்தரவிட வழியுண்டு (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 499). நடைமுறையில் இந்தத் தொகையை மறந்துவிடுவதே மேல். வழக்கறிஞர் கட்டணமே அதைத் தாண்டும்.

அடைகல்லுக்குத் தண்டவாளம்தான் வேண்டும் என்றால் முறையான வழி இருக்கிறது. ரயில்வே தன் கழிவை இணைய ஏலத்தில் லாட் லாட்டாக விற்கிறது. ஏலம் எடுத்தவரிடம் டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுத்துப்போக ரயில்வே தரும் உத்தரவு), எடைச்சீட்டு, கேட் பாஸ் இருக்கும். அவரிடமிருந்து சில்லறையாக வாங்குவதில் தவறில்லை. டெலிவரி ஆர்டரின் நகலைக் காட்டினார் என்பதற்காக மட்டும் திருப்திப்படாதீர்கள். என்றைக்கோ எடுத்த ஒரு லாட்டின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு வருகிற போகிற சரக்கையெல்லாம் அதில் காட்டுவது காயலான் கடைகளில் பழைய வேலை. தேதியைப் பாருங்கள், எந்த டிப்போ என்று பாருங்கள், பொருள் விவரத்தைப் படியுங்கள். ரெயில் என்று மட்டும் எழுதிய ஆர்டர் கிளிப்பைக் காப்பாற்றாது. பில்லில் 'பழைய இரும்பு' என்று ஒற்றை வரி எழுதினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். 'பழைய தண்டவாளத் துண்டு 1, 52 கிலோ பிரிவு, நீளம் 2 அடி, எடை 31.6 கிலோ' என்று எழுதி, அதன் கீழே லாட் எண்ணும் டெலிவரி ஆர்டர் எண்ணும் விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கவேண்டும். அப்படி எழுத மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். அரிவாளுக்கு லாரியின் வில் பட்டையே நல்ல எஃகு, பில்லோடு கிடைக்கும்.