இணையத்தை நிறுத்தும் சுவிட்ச் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: இணையத்துக்கு உரிமையாளர் என்று யாராவது உண்டா? ஒருவர் நினைத்தால் அதை மொத்தமாக நிறுத்திவிட முடியுமா?

மொத்தமாக முடியாது. உங்கள் ஊருக்கு மட்டும் என்றால் தாராளமாக முடியும். நான் திருநெல்வேலியில் ஒரு சின்ன பிராட்பேண்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பதால் எழுதுகிறேன்.

இணையம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எங்களை மாதிரி சில்லறைக் கம்பெனிகள், பெரிய டெலிகாம்கள், கூகுள் போன்றவர்கள், பல்கலைக்கழகங்கள் என்று ஆளாளுக்கு வைத்திருக்கும் நெட்வொர்க்குகள் பல்லாயிரம் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று கேபிளால் இணைந்து, ‘இந்தந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்’ என்று பக்கத்து நெட்வொர்க்குக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்படிச் சொல்லிக்கொள்ளும் முறைக்குத்தான் பிஜிபி என்று பெயர். பக்கத்தில் இருப்பவர் சொல்வதைப் பெரும்பாலும் நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு லேசானது என்பதற்கு 2008 பிப்ரவரி 24ஐச் சொல்லலாம். பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டில் யூடியூபைத் தடுக்க, ‘யூடியூபுக்கு வழி நான்தான்’ என்று தன் நெட்வொர்க்குக்குள் ஒரு அறிவிப்பு போட்டது. வருகிற எல்லாவற்றையும் குப்பையில் போடுவதுதான் திட்டம். அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்து, ஹாங்காங்கில் இருந்த மேல்மட்ட நிறுவனம் வழியாக உலகம் பூராவும் பரவிவிட்டது. வழியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பெட்டிகளான ரவுட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லும் வழியைவிட, தெருப் பெயரோடு சொல்லும் வழியைத்தான் எடுக்கும். பாகிஸ்தானின் அறிவிப்பு தெருப் பெயரோடு இருந்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை. இப்போது அறிவிப்புகளை டிஜிட்டல் கையெழுத்தால் சரிபார்க்கும் முறை வந்திருக்கிறது, ஆனாலும் எல்லாரும் இன்னும் முழுதாக மாறிவிடவில்லை.

இப்படி ஒரு விட்டேற்றியான அமைப்பு எப்படி வந்தது என்றால், ஆரம்பித்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்த ஆட்கள். 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு ‘லாகின்’ என்று அடிக்கப் போய், முதல் இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் என்ற நெட்வொர்க்கின் முதல் செய்தி அது. பணம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்பா தந்தது. அணுகுண்டுக்குத் தப்ப இணையத்தைக் கட்டினார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றும் கதையை நம்பாதீர்கள். அந்த யோசனையோடு ஆராய்ந்தவர் பால் பாரன், அது வேறு இடத்து வேலை. ஆர்பாநெட் கட்டியதன் முக்கிய நோக்கம், விலை அதிகமான கம்ப்யூட்டர்களைத் தூரத்தில் இருப்பவர்களும் பங்குபோட்டுப் பயன்படுத்துவது.

மையம் என்று சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது, பெயர்ப் பட்டியல். நீங்கள் அடிக்கும் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்ற வேண்டும் இல்லையா? அதன் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களுக்கு மொத்தம் 13 பெயர்கள், நடத்துவது 12 அமைப்புகள். இந்தப் பட்டியல் விவகாரத்தை வெகுகாலம் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல், தாடி வைத்த ஒரு ஆராய்ச்சியாளர். 1998 ஜனவரியில் எட்டு ரூட் சர்வர்காரர்களுக்கு மெயில் போட்டு, ‘இனிமேல் பட்டியலை என் மெஷினிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார். அவர்களும் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். வெள்ளை மாளிகை பதறிப்போய்த் திருப்பச் சொன்னதும், ‘சும்மா டெஸ்ட்’ என்றார் மனிதர். அந்த வருடமே இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஐகான் என்ற அமைப்பு உருவானது. அமெரிக்க அரசுடன் அதற்கு இருந்த ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1இல் முடிந்தது. 2022இல் ‘.ru’ போன்ற ரஷ்யாவின் தளப் பெயர்களை நீக்கச் சொல்லி உக்ரைன் கேட்டபோது ஐகான் முடியாது என்றுவிட்டது. ஆக, மேலே சுவிட்ச் இல்லை.

கீழே இருக்கிறது. எங்களுக்கு அரசு தரும் லைசென்ஸிலேயே அது சேர்ந்துதான் வருகிறது. மாநில உள்துறைச் செயலாளர் எழுத்தில் ஆணையிட்டால் நிறுத்தியாக வேண்டும். 2017இல் வந்த விதிகள் இதைத் தெளிவாகவே சொல்லின. அப்படி நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஜனவரியில், அதுவும் காஷ்மீர் வழக்கில்.

எங்களுக்கு அப்படி ஒரு ஆணை அந்தத் தீர்ப்புக்கு முன்பே வந்துவிட்டது. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது. ஆபீசில் போன் ஓயவில்லை.

வழக்கமாக நெட் வரவில்லை என்றால் முதலில் நாங்கள் கேட்பது, ‘பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறதா?’ எரிந்தால் ஃபைபர் எங்கேயோ போய்விட்டது. அணில் கடித்திருக்கும், அல்லது ஜேசிபி தோண்டியிருக்கும். அன்றைக்கு யாருக்கும் சிவப்பு எரியவில்லை. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தினமும் ராத்திரி துபாயில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுகிறவர். நான் போனில் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. “பச்சை லைட்டுதான எரியுது தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்” என்றார்.

போனேன். பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் பெட்டியை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பச்சை லைட்டுகள் ஒவ்வொன்றாக வரிசையாக வந்து நின்றன.