சமயக் கலையில் ஆடைக்குக் குறிப்புப் பொருள் உண்டா?

சிலைகளிலும் சமய ஓவியங்களிலும் ஆடையை இத்தனை நுணுக்கமாகக் காட்டுவது அழகுக்காக மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகும் ஒரு காரணம்தான். ஆனால் மதுரைப் பக்கத்துச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, உடுத்தியவர் உலகத்தோடு எந்த உறவில் நிற்கிறார் என்பதையே ஆடை முதலில் சொல்வதாகத் தோன்றுகிறது.

கீழக்குயில்குடி சமணர் மலையில் இது தெளிவாகத் தெரியும். பேச்சிப்பள்ளத்துப் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட, உலகைத் துறந்த சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் மேனியில் ஓர் இழை நூல்கூட இல்லை. சமணத் துறவி பாகுபலியைச் சுற்றியிருப்பதும் துணியன்று, அவர் அசையாமல் தவத்தில் நின்ற நெடுங்காலத்தைக் காட்டும் காட்டுக்கொடி. செட்டிப்புடவுக் குகையில் உள்ள இயக்கி (சமணரின் காவல் தெய்வம்) அம்பிகைக்கோ ஆடையும் உண்டு, அணிகலனும் உண்டு. அடியவருக்கு வேண்டியதைத் தருபவள் உலகத்தை விட்டு விலகியவள் அல்லளே.

பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிச்சாடனருக்கும் ஆடை இல்லை, இடையில் பாம்புதான். ஆனால் அங்கே அது துறவைக் குறிக்கவில்லை, தாருகாவன முனிவர்களின் செருக்கைச் சோதிக்க வந்த கோலம் அது. அவரைக் கண்ட முனிபத்தினியரின் ஆடை நெகிழ்வதாகச் சிற்பிகள் காட்டுவார்கள். அந்தப் பெண்களே பின்பு மதுரை வணிகர் குலத்தில் பிறந்து, வளையல் விற்க வந்த இறைவன் கையால் வளையல் அணிந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது.

மடிப்பே பேசும் கலையைப் பார்க்க வேண்டுமென்றால் ரோமுக்குத்தான் போக வேண்டும்: இத்தாலியச் சிற்பி பெர்னினி 1652இல் முடித்த புனித தெரசா சிற்பத்தில் முகத்துக்கு நிகராக அங்கியின் கொந்தளிப்பும் அருளனுபவத்தை உணர்த்துகிறது. நம் கோயில் திருமேனிகளில் ஆடை பெரும்பாலும் உடலோடு ஒட்டிய சில கோடுகளாக நின்றுவிடுகிறது. மேலே உண்மையான பட்டைச் சாத்தப் போவதால் சிற்பி அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்தச் சாத்துதலில்தான் நம்மிடம் பொருள் செறிந்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது உடுத்தும் பட்டின் நிறத்தை ஊரே கவனிக்கும். பச்சை என்றால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அழகர்மலையிலிருந்து அவர் புறப்படும் கோலம். பீதாம்பரத்துக்குரிய பெருமாள் கண்டாங்கி உடுத்தி, கொண்டையும் கடுக்கனுமாக, நேரிக்கம்பும் வளைதடியும் ஏந்திக் கள்ளர் குலத்தவரின் கோலத்தில் வருகிறார். மூர்த்தி மாறவில்லை, உடுப்பு மாறியதால், வழிநெடுக அவர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகளில் காத்திருக்கும் நாட்டு மக்களுக்கு அவர் தங்களில் ஒருவராகிவிடுகிறார்.