திக்‌ஷாவில் கியூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லையா?

மகளின் ஜெராக்ஸ் புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடு, அரசின் பாடச் செயலியான திக்‌ஷாவில் ஸ்கேன் ஆகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கேனை விடுங்கள். மகளின் ஐந்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் கியூஆர் கோடுக்குக் கீழே பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 6 இடங்களில் ஒரு குறியீடு இருக்கும். அதைத் திக்‌ஷாவில் தட்டச்சு செய்தாலே போதும்.

ஜெராக்ஸ் பிரதி என்கிறீர்களே, மங்கிய அச்சுதான் காரணமாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தில் அதே பக்கத்தை ஸ்கேன் செய்து பாருங்கள். அதிலும் ஆகாவிட்டால் போன் அமைப்பில் செயலிக்குக் கேமரா அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும்: திறப்பது வீடியோவாக இருந்தால் அது வாசிப்புப் பயிற்சி ஆகாது. முதலில் பாடத்தை வாய்விட்டு வாசிக்கட்டும், அப்புறம் வீடியோ. மாற்றிச் செய்தால் படத்தை நினைவில் வைத்தே பதில் சொல்லிவிடுவாள். என் மகன் அப்படித்தான் ஏமாற்றினான்.