வண்டிப் பட்டறை – கேள்வி பதில்

கேள்வி: ஜிம்னி வைத்திருக்கிறேன். போன வருடம் இரண்டு அங்குலம் உயர்த்தி, முன்னும் பின்னும் நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடு (ஆக்சிலை வண்டிச் சட்டமான சேஸிஸோடு இணைத்து, பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போட்டேன். அதிலிருந்து மாதம் தவறாமல் அலைன்மென்ட் கடைக்குப் போகிறேன். ஒருமுறை வால்பாறை ஏறி இறங்கினால் போதும், ஸ்டீயரிங் மறுபடி இடப்பக்கம் கோணிக்கொள்கிறது. கடைக்காரர், ‘வெளிச்சாமான் போட்டால் அப்படித்தான்’ என்கிறார். கழற்றிவிட்டுப் பழைய ராடையே மாட்டிவிடட்டுமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். பழைய ராடை மாட்டினால், உயர்த்திய வண்டியில் ஆக்சில் ஒரு பக்கமாகத் தள்ளியே நிற்கும். அலைன்மென்ட் தானாகக் கெடாது. ஏதோ ஒன்று நகர்ந்தால்தான் கெடும். எது நகர்கிறது என்று கண்டுபிடிக்காமல் மாதாமாதம் எண்களைத் திருத்துவது கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஒவ்வொரு முறையும் அவர் கொடுத்த பிரின்ட் தாள்களை எடுங்கள். போன மாதம் வேலை முடித்த பிறகு வந்த எண்ணையும், இந்த மாதம் வேலைக்கு முன் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே கட்டை ஆக்சில். டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவை, முடிவு செய்வது இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு. அது ஆக்சிலோடு சேர்ந்தே போகும். அதனால் பேன்ஹார்ட் ராடு எவ்வளவு நகர்ந்தாலும் டோ எண் மாறாது. ஆனால் ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது. ஆக்சில் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலும் ஸ்டீயரிங் நேராக நிற்காது.

ஆக, டோ அப்படியே இருந்து ஸ்டீயரிங் மட்டும் கோணினால், முதல் சந்தேகம் முன்பக்கப் பேன்ஹார்ட் ராடு மேல்தான். அடுத்தது ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியான டிராக் லிங்க். டோவே மாறியிருந்தால் டை ராடைப் பாருங்கள். காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறினால், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் நீள ஆர்ம்களின் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை). கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு) மாறியிருந்தால் சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங், வீல் பேரிங், இல்லாவிட்டால் எங்கோ இடித்து ஆக்சிலே வளைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு முதல் வகையாகத்தான் தெரிகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வண்டியின் பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்குவது அந்த ராடுதான்.

இப்போது வண்டியின் கீழே போங்கள். நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கட்டும், ஜாக்கி போட வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் வேகமாக ஆட்டட்டும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து ராடின் இரண்டு முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புஷ் கொஞ்சம் அமுங்கலாம், அது இயல்பு. போல்ட்டே பிராக்கெட் துளைக்குள் நகர்ந்தால், துளை முட்டை வடிவமாகிவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. பிராக்கெட்டைச் சரிசெய்து புது போல்ட் போட வேண்டும்.

போல்ட் நகரவில்லையா? அப்படியானால் செக் நட், அதாவது ராடின் நீளம் மாறாமல் பூட்டும் நட். பெரும்பாலான ராடுகளில் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. நடுக்குழாயைத் திருகினால் நீளம் மாறும். இங்கேதான் பட்டறைப் பையன்கள் ஏமாறுகிறார்கள். இடது மரை நட்டையும் வழக்கமான திசையிலேயே பலம்கொண்ட மட்டும் ‘டைட்’ செய்வார்கள், அது கழன்றுகொண்டிருக்கும். ஒரு செக் நட் பிடி விட்டு, மற்றதும் தளர்ந்தால் குழாய் திரும்ப வழி கிடைத்துவிடும். முறுக்கும்போது இன்னொரு ஸ்பானரால் குழாயை அசையாமல் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை சாய்ந்து, புஷ் பிசகி உட்காரும். எல்லாம் முடிந்ததும் நட், குழாய் இரண்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. அடுத்த மலைப் பயணத்துக்குப் பிறகு கோடு உடைந்திருந்தால் திருடன் பிடிபட்டான். பெயின்ட் பேனா ஒன்று பெட்டியில் இருந்தால் பாதி அலைன்மென்ட் செலவு மிச்சம்.

மரை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மரையின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். 20 மி.மீ. மரை என்றால் 30 மி.மீ. அதற்குக் குறைவாக இருந்தால் அந்த ராடு உங்கள் உயரத்துக்கானது அல்ல. தயக்கமில்லாமல் மாற்றுங்கள்.

ரப்பர் புஷ் என்றால் கடைசி முறுக்கு வண்டி தன் உயரத்தில், சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான். ஆக்சில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். இறக்கிய நொடியிலிருந்து கிழியத் தொடங்கும். ரோஸ் ஜாயின்ட் (ரப்பர் இல்லாத உலோக உருண்டை மூட்டு) வைத்த ராடை யாராவது சிபாரிசு செய்தால், ரேஸ் வண்டிக்குச் சரி, உங்கள் மலைச் சேற்றுக்கு வேண்டாம்.

அப்புறம், வேலையின் வரிசை. டயர் காற்று, வழக்கமாக ஏற்றும் சுமை, இரண்டும் வண்டியில் இருக்கட்டும். முதலில் ஆக்சிலை நடுவில் கொண்டுவாருங்கள். கொத்தனாரின் தூக்குக் குண்டை ஃபெண்டர் ஓரத்திலிருந்து இறக்கி, கயிற்றுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் போதும். பிறகு காஸ்டர். அதன் பிறகு டோ. கடைசியில் டிராக் லிங்க்கில் ஸ்டீயரிங்கை நேராக்குவது. உங்கள் கடைக்காரர் கடைசி வேலையை மட்டும் மாதாமாதம் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஸ்விஃப்ட்டில் முன் இடது டயர் உள்ஓரம் தேய்கிறது. கேம்பர் போல்ட் போடச் சொல்கிறார்கள். போடலாமா? – வாசகி, திருச்சி

பதில்: முதலில் கீழ் ஆர்மும் ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பர் தூண்) வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் ஏதோ பள்ளத்தில் வாங்கிய அடிதான். வளைந்த ஆர்மை வைத்துக்கொண்டு போல்ட்டால் எண்ணை மட்டும் சரிசெய்தால் தாள் அழகாக இருக்கும், வளைந்த சாமான் வண்டியிலேயே இருக்கும். எதுவும் வளையவில்லை என்றால் டோவைச் சரிபாருங்கள். டயரைத் தின்பதில் கேம்பரைவிட டோ வேகம். இரண்டும் பார்த்த பிறகும் கேம்பர் வித்தியாசம் நின்றால் போல்ட் போடுங்கள், தவறில்லை.