மருத்துவர் பதில்: கடைமடை காய்ந்தால் வாய்க்காலைப் பார்க்க வேண்டும்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 47. மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். சொந்தமாகப் பத்து மா, குத்தகைக்கு இன்னொரு பத்து மா சாகுபடி செய்கிறேன். எட்டு மாதமாக எதிலும் ஊக்கம் இல்லை. முன்பெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் விடியற்காலை நாலு மணிக்கே வயலில் நிற்பேன். இந்த வருஷம் தண்ணீர் வந்து நாலு நாள் கழித்துத்தான் நாற்றங்கால் பக்கமே போனேன். ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். பகலெல்லாம் அசதி. வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் இருக்கிறது. மனைவியோடு சேர முடியவில்லை. விறைப்பு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 3,200 ரூபாய்க்கு ஒரு மூலிகைப் பொடி வாங்கினேன். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் முகம் சூடாகிறது, மூக்கு அடைக்கிறது, தலை வலிக்கிறது. ஆனால் அன்றைக்குப் பலன் தெரிகிறது. தினமும் காலையில் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்கிறேன். கேட்கும்போது வேகம் வருகிறது, பத்து மணிக்கெல்லாம் வடிந்துவிடுகிறது. நான் விவசாயி, உழைக்காத உடம்பில்லை. வயதாகிவிட்டதா, இல்லை மனசு பலவீனமாகிவிட்டதா? (பெயர் வேண்டாம்)

பதில்: ஐயா, அந்தப் பொடியை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

முகம் சூடாவது, மூக்கு அடைப்பது, தலைவலி, கூடவே அன்றைக்கே பலன். இந்த நான்கையும் சேர்த்துப் படித்ததும் எனக்கு எந்த மூலிகையும் நினைவுக்கு வரவில்லை. சில்டெனாஃபில் மாத்திரைதான் நினைவுக்கு வந்தது. வயாகரா என்ற பெயரில் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே, அதே மருந்து. ரத்தக் குழாய்களை விரிப்பது அதன் வேலை. முகம் சூடாவதும் மூக்கடைப்பதும் அதனால்தான். மூலிகை என்று சொல்லி விற்கும் பொடிகளில் இதைக் கணக்கில்லாமல் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட மோசடி. மருந்து கெட்டதில்லை. பரிசோதித்துவிட்டு, அளவு பார்த்து நானே எழுதித் தருகிறேன். ஆனால் நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், உயிருக்கே ஆபத்தாகும். நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு அடைத்து, அவசரத்துக்கு யாரோ அந்த மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தப் பயத்தில்தான் இதை முதலில் சொன்னேன். ஆண்மையைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. ஆகவே அந்த விளம்பரத்தை நம்ப ஒரு காரணமும் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அசதி ஒரு பக்கம், ராத்திரி சிறுநீர் ஒரு பக்கம், விறைப்பு ஒரு பக்கம் என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கலாம் என்பதுதான் என் முதல் சந்தேகம். பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் முன்தோலில் அரிப்போ சின்னச் சின்ன வெடிப்போ இருந்து, அதையும் சொல்லக் கூச்சப்பட்டு விட்டிருந்தால், என் சந்தேகம் இன்னும் உறுதியாகும். சர்க்கரை இருப்பதை அந்த வெடிப்பை வைத்தே நான் கண்டுபிடித்த ஆண்கள் பலர்.

நீங்கள் கடைமடைக்காரர், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர், உங்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வாய்க்காலில் மண் மேவினால், தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்கு உடனே தெரியாது. அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடைமடை வயல்தான் முதலில் காயும். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், புகை இவற்றால் குழாய்கள் உள்ளே தடிக்கும்போது சின்னக் குழாய்தான் முதலில் தடுமாறும். விறைப்பு குறைந்து இரண்டு வருஷம், ஐந்து வருஷம் கழித்து மாரடைப்போடு வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். உங்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. கடைமடை காய்கிறது, வாய்க்காலைப் பார்த்துத் தூர்வார வேண்டிய நேரம் என்கிறேன். எட்டாவது மாதத்திலேயே எழுதிக் கேட்டீர்களே, அது எனக்கு நிம்மதி.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மளிகைக் கடைக்காரர் இதே விஷயத்தை என்னிடம் பாதி முழுங்கிப் பாதி சொன்னார். வயது ஐம்பது இருக்கும். இந்த வயதில் அப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சர்க்கரை பார்க்கவில்லை, ஈசிஜி எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மாரடைப்போடு கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு வருஷத்தை வீணாக்கியவன் நான்தான். அன்றிலிருந்து நாற்பது தாண்டிய எந்த ஆண் வந்தாலும் இதை நானே கேட்டுவிடுகிறேன். ஆண்மைக் குறைவு என்ற சொல்லையும் அன்றோடு விட்டுவிட்டேன். குழாயில் அடைப்பு என்றால் அது குழாயின் குறை, ஆளின் குறை இல்லை.

விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அது ஒழுங்காக வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் போய்விடுகிறது என்றால் கவலையோ பயமோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். விடியற்காலையிலும் வரவில்லை என்றால் குழாய், நரம்பு, ஹார்மோன் பக்கம் தேட வேண்டும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று, பதிலோடு போங்கள்.

"உழைக்காத உடம்பில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா மாடு கட்டி உழுதார், சேடையில் இறங்கினார், கதிர்க்கட்டு சுமந்தார். இன்றைக்கு உழவுக்கு டிராக்டர், அறுக்க மெஷின், நடவுக்கு ஆள் அல்லது மெஷின். வயலுக்குப் போவது மொபெட்டில். வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். வேலை குறைந்துவிட்டது, சாப்பாட்டின் அளவு மட்டும் அப்பா காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. மூன்று வேளையும் சோறு, நடுவில் சர்க்கரை போட்ட காபி நாலு தடவை. டெல்டாவில் என்னிடம் வரும் விவசாயிகளில் பலருக்கு இதுதான் கதை. ஒரு இஞ்சு டேப் எடுத்துத் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் வரம்பு. வேட்டி கட்டுகிறவர்களுக்கு வயிறு பெருப்பதே தெரிவதில்லை. பேன்ட் இறுக்கும், வேட்டி தளர்ந்து கொடுத்துவிடும். வயிற்றுக் கொழுப்பு சேரச் சேர டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் குறையும். ஊக்கம் வடிவதில் அதற்கும் பங்கு உண்டு.

பரிசோதனைக்கு மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கோ உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். முப்பது வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் அங்கே இலவசமாகவே பார்க்கிறார்கள். மருந்து தேவைப்பட்டால் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வரும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். சராசரி 5.7-லிருந்து 6.4-க்குள் இருந்தால் வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வந்துவிடலாம். கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, ரத்தசோகை, ஈசிஜி இவற்றையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோனைக் காலை பத்து மணிக்குள் வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்த பிறகுதான் அதைக் கணக்கில் எடுப்போம். ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு யாராவது ஹார்மோன் ஊசி போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் விறைப்பைக் குறைக்கும், மாற்றித் தர வழி உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாய்க்கால் கரை ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது, தாடைக்கோ இடது கைக்கோ வலி போகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பீடி, புகையிலை, மது பற்றி எதுவும் எழுதவில்லை. இருந்தால் மூன்றுமே இந்தப் பிரச்சினையை வளர்ப்பவை. குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால், பகல் அசதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, மனசுக்கு வருகிறேன். காலையில் கேட்கும் பேச்சு பத்து மணிக்குள் வடிவதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. சர்க்கரை ஏறிய உடம்பும் தூங்காத ராத்திரியும் எந்தப் பேச்சையும் நிலைக்க விடாது. ஊக்கம் வந்தால் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. பத்து நிமிஷ வேலையைச் செய்துவிட்டால் பல சமயம் அது பின்னாலேயே வந்து சேரும். அந்தப் பேச்சை நடந்துகொண்டே கேளுங்கள். மொபெட்டை வீட்டில் விட்டுவிட்டு வயலுக்கு நடந்து போங்கள், அல்லது பாமணி ஆற்றங்கரையில் நடங்கள். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும், பிறகு மெல்ல மெல்ல அரை மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிஷம், அதுதான் தேவையான அளவு. ராத்திரி சோற்றைப் பாதியாக்கி, கீரையும் சுண்டலும் மீனும் கூட்டிக்கொள்ளுங்கள். சம்பா அறுப்புக்கு முன் வயலில் தெளிக்கிற உளுந்தும் பயறும் உங்கள் வீட்டிலேயே இருக்குமே.

இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் மனசு சோர்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் இப்போது விருப்பம் இல்லையா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் விறைப்புக் குறைவுக்கும் தொடர்பு உண்டு, அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. குத்தகைப் பணம், கடன் என்று ஏதாவது அழுத்தி, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாலும் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விலகிப் படுப்பதற்கு அவர் என்ன காரணம் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. என்னிடம் வரும் பெண்கள் பலர், தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்து உள்ளுக்குள் அழுதிருக்கிறார்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகப் போங்கள்.

போகும்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். அந்தப் பொடி டப்பாவைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், மருத்துவர் மேஜையில் வையுங்கள்.