‘மாமா’ என்றால் அங்கே அம்மா

வாசகர் கேள்விகள்: தான்சானியாவில் 19 ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றித் திரும்பிய அருள்சகோதரி ஒருவர் பதிலளிக்கிறார்.

மொழி தெரியாத ஊரில் எப்படிச் சமாளித்தீர்கள், சிஸ்டர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

முதல் ஆறு மாதம் சமாளிக்கவே இல்லை, அம்மா. நாலு மாத வகுப்பில் படித்த சுவாகிலியோடு போய் இறங்கினேன். தலைநகர் டொடோமாவிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் எங்கள் டிஸ்பென்சரி. கம்பும் சோளமும் விளைகிற வறண்ட பூமி, நடுநடுவே பெருத்த அடியோடு பெருக்கமரங்கள். இலங்கை மன்னாரில் நிற்கிறதே, அதே மரம்தான். ‘மாமா’ என்றால் அம்மா, ‘தாதா’ என்றால் அக்கா, ‘காக்கா’ என்றால் அண்ணன் என்று பாடம் செய்திருந்தேன். ஆனாலும் பிரசவ வலியில் ஒரு பெண் “மாமா, மாமா” என்று அலறியபோது என் கண் வாசலில் தாய்மாமனைத்தான் தேடியது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். மலேரியாக் காய்ச்சலோடு நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். முதல் வேளை மாத்திரையை அங்கேயே கொடுத்துவிட்டு, மீதியைக் காகித உறையில் போட்டு, மேலே ‘8’ என்றும் அதற்குக் கீழே இன்னொரு ‘8’ என்றும் எழுதிக் கொடுத்தேன். காலை எட்டு, இரவு எட்டு என்பது என் கணக்கு. சுவாகிலியில் பொழுது விடிந்த பிறகுதான் மணி எண்ணத் தொடங்குவார்கள். நம் பாட்டிமார் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதுபோல. நமக்குக் காலை ஏழு, அவர்களுக்கு ஒன்று. நான் எழுதிய எட்டு அவளுக்குப் பிற்பகல் இரண்டு. மற்ற எட்டு பின்னிரவு இரண்டு. கடிகாரம் இல்லாத வீடு. கடிகாரம் இருந்த பக்கத்து வீட்டுத் திண்ணையிலேயே படுத்து, நடுச்சாமத்தில் எழுந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பி மாத்திரை கொடுத்திருக்கிறாள். ஒருவேளைகூடத் தவறவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

எங்களோடு பிரசவம் பார்த்துவந்த மூதாட்டிதான் காலியான அந்த உறையைக் கையில் வாங்கிப் பார்த்து எனக்கு விளங்கவைத்தார். ஊரே அவரை ‘பீபி’, அதாவது பாட்டி என்று கூப்பிடும். அவரே பென்சிலை எடுத்து உறைமேல் ஒரு சூரியன், ஒரு பிறை வரைந்தார். கடைசி நாள்வரை என் உறைகளில் அந்தச் சூரியனும் பிறையும்தான்.

ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் உடலை ஆப்பிரிக்கர்கள் தோளில் சுமந்தே கடற்கரைவரை கொண்டுவந்தார்கள் என்று படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

உண்மைதான் தம்பி. உடல் வந்து சேர்ந்த பகமோயோ ஊருக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். 1873 மே 1 அன்று, இன்றைய சாம்பியாவில் இருக்கும் சிதாம்போ கிராமத்தில் அவர் இறந்தார். உடனிருந்தவர்கள் இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையிலும் பாய்மரத் துணியிலும் சுற்றி, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நடந்தார்கள். 1874 பிப்ரவரியில் பகமோயோ வந்தடைந்தார்கள். வழியில் நோயில் செத்தவர்களும் உண்டு. அன்றிரவு உடலை வைத்திருந்த பழைய கோவில் கோபுரம் இன்றும் இருக்கிறது.

முன்னின்று நடத்தியவர்கள் சூமா, சூசி என்ற இருவர். சூமா அடிமை வணிகர்களிடமிருந்து 1861-ல் மீட்கப்பட்ட பையன். பிறகு பம்பாயில் ஒரு மிஷன் பள்ளியில் கொஞ்சகாலம் இருந்தவன். மரத்தடியில் அடக்கச் செபத்தை வாசித்து, மரத்தில் பெயரைச் செதுக்கிய ஜேக்கப் வெயின்ரைட் படித்தது எங்கே தெரியுமா? நம் நாசிக்கில். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மிஷன் விடுதி இருந்தது. கோபுரத்தடியில் நின்றபோது லிவிங்ஸ்டனைவிட அந்த நாசிக் பையன்தான் என் மனதில் நின்றான்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கல்லறையில், நிலமும் கடலும் கடந்து உண்மையுள்ள கைகள் கொண்டுவந்தன என்று பொறித்திருக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் கல்லில் இல்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. நான் மணப்பாட்டுக்காரி. சவேரியார் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துத்தான் செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். அதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். திருவிழாவில் சவேரியாருக்குத் தேர் இழுக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து சொல் எடுத்துக் கொடுத்தவர்களை எங்கே நினைக்கிறோம்?

கோபிக்காதீர்கள். மதம் மாற்றத்தானே போனீர்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

கோபம் இல்லை. கேட்கவேண்டிய கேள்விதான். இயேசுவை நம்பித்தான் போனேன், அதை ஒளிக்கமாட்டேன். ஆனால் மருந்து வாங்க வந்தவரிடம் எந்தக் கோவில் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் எதிர்வீடு ஒரு முஸ்லிம் பெரியவர் வீடு. மணப்பாட்டில் என் அம்மா இறந்த செய்தி வந்தபோது அடக்கத்துக்குப் போய்ச்சேர வழியில்லை. சாயங்காலம் அவர் வீட்டுப் பெண்கள் தலையில் விறகோடும் மாவோடும் வந்தார்கள். பின்னாலேயே ஊர் வந்தது. பாய் விரித்து உட்கார்ந்தார்கள். “போலே சனா, சிஸ்டா” என்றார்கள். உன் துயரம் எனக்கும் உண்டு என்று சொல்வதுபோல; கால் இடறி விழுந்தாலும் அந்தச் சொல்தான், சாவுக்கும் அந்தச் சொல்தான். அதற்குமேல் யாரும் பேசவில்லை. உகாலி என்ற களியைக் கிண்டி, இருட்டும்வரை என்னோடு இருந்து, என்னைச் சாப்பிடவைத்துவிட்டுத்தான் போனார்கள். பெரியவர் தன் வழக்கப்படி துஆ செய்தார். நான் செபமாலை சொன்னேன்.

திரும்பும்போது என்ன கொண்டுவந்தீர்கள்?
– ஒரு வாசகி, காரைக்கால்

ஒரு கங்கா. பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றும் பருத்தித் துணி. இரண்டு துணியாகச் சேர்த்துத்தான் விற்பார்கள், நடுவில் வெட்டிக்கொள்ளவேண்டும். பீபி வெட்டி, ஒன்றை எனக்குத் தந்தார்.

என் மகள் நர்சிங் முடித்துவிட்டு ஆப்பிரிக்காவில் சேவை செய்ய விரும்புகிறாள். முதலில் என்ன கற்கவேண்டும்?
– ஒரு தாய், நாகர்கோவில்

மலேரியாவை அங்கே போய்க் கற்றுக்கொள்வாள். மொழிக்கு ஒரு வருடம் ஒதுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களைப் பார்த்தால் முதலில் “ஷிகமோ” சொல்லவேண்டும். அவர் “மரஹபா” என்று பதில் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு.

இன்னொன்று. யார் வீட்டுக்குப் போனாலும் வெளியே நின்று “ஹோடி” என்று குரல் கொடுக்கவேண்டும். உள்ளிருந்து “கரிபு” என்று வரவேற்றால் நுழையலாம். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடவேண்டும். தொடக்கத்தில் நான் ஊசிப்பெட்டியோடு நேராக உள்ளே போய்விடுவேன், அவசரம் என்று. பீபிதான் கையைப் பிடித்து நிறுத்தினார். வெயிலில் நின்றோம். அவர் ஒருமுறை கூப்பிட்டார், பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார். உள்ளே ஏதோ பாத்திரம் உருளும் சத்தம், பிறகு ஒரு கிழவியின் மெல்லிய குரல்: “கரிபு.”